மாற்று மோட்டார் யாருடையது?

மாலை ஒன்றுதான். அதற்கு நீளும் கழுத்துகள் மூன்று. யார் கழுத்தில் போடுவது என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப் போகிறேன். அதனால் பராக்குப் பார்க்காமல் கேளுங்கள்.

பேராசிரியர் ஞானசௌந்தரி சென்னையில் ஒரு நிர்வாகவியல் கல்லூரியில் பாடம் நடத்துபவர். வகுப்பு இல்லாத நாள்களில் கம்பெனிகளுக்கு ஆலோசகர். நொடித்துப்போன தொழிலைத் தூக்கி நிறுத்துவதில் பெரிய பேர் அவருக்கு. அவர் சொல்லிவிட்டால் வங்கி மேலாளர்கள்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்கப் பாதி ஆயுளைக் கொட்டியிருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். கையில் இருக்கும் கம்பெனியின் சிக்கலை ஊர் பேர் மாற்றி வகுப்பில் கேள்வியாகப் போட்டுவிடுவார். அப்படித்தான் கோயம்புத்தூர் சென்னியப்பனின் பம்ப்செட் கம்பெனியும் வகுப்புக்கு வந்தது. நல்ல மோட்டார்தான். ஆனால் வடக்கிலிருந்து வந்த ஒரு பெரிய கம்பெனி மலிவாகக் கொடுத்து சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. விலையைக் குறைப்பதா, கம்பெனியையே விற்றுவிடுவதா?

ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து அடைக்கலராஜ் எழுந்தான். புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன்.

"ரெண்டும் வேணாம் மேடம். விவசாயிக்கு மோட்டார் வெலை பயமில்ல. பயிர் நிக்கிறப்ப மோட்டார் கருகிப்போகும், அதான் பயம். ரிப்பேர் கடையில கம்பிக் காயில் புதுசா கட்டி வர்றதுக்குள்ள பயிர் காஞ்சிரும். ஒவ்வொரு கடையிலயும் மாத்து மோட்டார் வச்சிருப்போம். ரிப்பேர் முடியிற வரைக்கும் சும்மா குடுப்போம். அப்புறம் யாரு வேற மோட்டார் வாங்கப்போறா?"

"நாம கம்பெனி நடத்துறோமா, அன்னதானம் நடத்துறோமா?" என்றார் ஞானசௌந்தரி. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைய விவாதத்துக்கு அவனுக்கு அவர் போட்ட மதிப்பெண் பூஜ்யம்.

சிரித்தாரே தவிர, அந்தப் பேச்சு அவரை விடவில்லை. தாராபுரம், உடுமலை என்று தோட்டம் தோட்டமாக அலைந்தார். மோட்டார் கருகிப் பயிர் போன கதையைத்தான் எல்லா விவசாயிகளும் சொன்னார்கள். எந்தக் கடையில் எத்தனை மாற்று மோட்டார், எந்தச் சாகுபடிப் பட்டத்தில் எத்தனை என்று அவரே கணக்குப் போட்டுத் திட்டமாக்கினார். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சென்னியப்பன் முழுவதையும் கேட்டார். பிறகு, "இது யாரோட யோசனைங்க மேடம்?" என்றார்.

ஞானசௌந்தரி யோசித்தார். மாணவன் சொன்னது, நானே கேலி செய்து உட்கார வைத்தேன் என்றால் இந்த மனுஷர் துணிந்து இறங்குவாரா?

"என்னோடதுதான்."

"உங்களுக்குக் காடு தோட்டம் ஏதும் இருக்குங்களா?"

"இல்லையே. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெரம்பூர்."

"அப்படிங்களா" என்று அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார் சென்னியப்பன். "சரிங்க. வீட்டை அடமானம் வெச்சாவது செஞ்சுபோடலாமுங்க."

செய்தார். வீடு போயிருந்தால் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். போகவில்லை. மூன்றே வருஷத்தில் கம்பெனி நிமிர்ந்தது. வடக்கத்திக் கம்பெனியே மாற்று மோட்டார் வைக்கத் தொடங்கியது. தொழில் சங்கம் சென்னையில் விழா எடுத்து, இந்த யோசனை யாருடையதோ அவருக்கு விருது என்று அறிவித்தது. கல்லூரியின் இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தது. விருதோடு வந்தால் அது ஞானசௌந்தரிக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. முடிவு செய்கிறவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் அவர், பக்கத்தில் சென்னியப்பன். மாலை தட்டில் தயாராக இருந்தது. அதற்கு முன் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். நடு அரங்கில் ஒருவன் எழுந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், மற்றபடி அதே அடைக்கலராஜ் முகம்.

"வணக்கம் மேடம். இந்த யோசனை உங்களுக்கு எப்ப தோணுச்சு?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் ஞானசௌந்தரியைப் பயமுறுத்தியது. அவனோடு படித்த இரண்டு பேர் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பொய்தான் சொன்னேன், ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் இவர் வீட்டை அடமானம் வைத்திருப்பாரா, இந்த யோசனை வகுப்போடு செத்திருக்காதா என்று ஞானசௌந்தரியின் மனம் அடித்துக்கொண்டது. சென்னியப்பனும் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தார். ஞானசௌந்தரி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். யோசித்தவன் ஒருவன். அலைந்து திரிந்து திட்டமாக்கித் தன் பேரையும் கொடுத்தவர் ஒருவர். வீட்டையே பணயம் வைத்தவர் ஒருவர். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மாற்று மோட்டார் இல்லை. மாலை யாருக்கு? அந்தப் பொய்யைச் சொன்னது சரியா?

என் தீர்ப்பு இது. மாலை அடைக்கலராஜுக்கு. சென்னியப்பனின் துணிச்சலுக்குத் தொழில் பதில் சொல்லிவிட்டது. ஞானசௌந்தரியின் அலைச்சலுக்கும் பேருக்கும் சேர்த்துத்தான் கட்டணம், அதை வாங்கியாகிவிட்டது. ஒன்றும் கிடைக்காதவன் அந்தப் பையன்தான். பொய் இல்லாமல் காரியம் நடந்திருக்காது என்பீர்கள். தோட்டம் இருக்கிறதா என்று சென்னியப்பன் கேட்டாரே, அது பெரிய பேரை நம்புகிறவர் கேட்கிற கேள்வியா? பயிர் காய்ந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் யார் என்று தேடினார் மனுஷர். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷமாகவே இறங்கியிருப்பார். அன்று மேடையில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஒருநாள் வகுப்புல தோணுச்சு" என்றார் பேராசிரியர். யாருக்கு என்று சொல்லவில்லை. அரங்கம் கைதட்டியது. அடைக்கலராஜ் உட்கார்ந்துகொண்டான்.