கொக்கோட இன்னொரு கால்

சாத்தப்பட்டியில சேவுகப்பெருமாளைப் பொய்யர்னு யாரும் சொல்ல மாட்டாக. பொய் சொல்றவனுக்கு அதுல ஏதாவது ஆதாயம் இருக்கணும். இவரு சும்மா வாய் ருசிக்கு அளக்குறவரு. ஊரும் கேட்டுச் சிரிச்சுட்டு வேலையப் பாக்கப் போயிரும்.

ஆனா போன மாசம் மக அபிநயா வீட்டுல அளந்தது வினையாப் போச்சு. அந்தப் பிள்ளை மாசமா இருக்கு. சோத்தைக் கண்டாலே குமட்டல், தண்ணி குடிச்சாலும் வாந்தி. முகமே வத்திப் போச்சு. "நம்ம கண்மாய் அயிரை மீனுல குழம்பு வச்சா ஒரு வாய் சாப்பிடுவேம்ப்பா. கடையில வாங்குன அயிரை ஒத்துக்கல"ன்னு கண்ணு கலங்கிருச்சு. பெத்தவருக்கு மனசு தாங்குமா? "ஒரு வாயா? நம்ம கண்மாயில அயிரைய ஒதுக்கி விட்டுட்டுத்தானம்மா நாங்க குளிக்கவே எறங்குறோம்! மீன்பிடித் திருவிழா அன்னைக்கு உங்க மாமனாரை வரச் சொல்லு, அண்டா நெறையக் குடுத்து விடுறேன்"னு சொல்லிட்டு வந்துட்டாரு.

நெசத்துல அந்தக் கண்மாயில அயிரையக் கண்டு எத்தனையோ வருசம் ஆச்சு. மேக்கால எவனோ ஒருத்தன் பண்ணைக்குட்டையில ஆப்பிரிக்கக் கெளுத்தி வளத்தான். ஒரு மழைக்குக் கரை ஒடைஞ்சு அம்புட்டும் இங்க வந்து குடியேறிருச்சு. அதுக்கு முன்னாலேயே ஜேசிபிய விட்டு மண்ணை அள்ளிப் பள்ளம் பள்ளமாப் போட்டுட்டாக. அயிரைக்குப் படுக்க மணல் இல்ல, கெளுத்திக்கோ பள்ளத்துக்குப் பள்ளம் பங்களா.

மீன்பிடி அன்னைக்குக் காலையில கரை நெறைய ஜனம். மீனைக் கவுத்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமா எல்லாரும் ஊர்ப் பெரியவரு அம்பலகாரர் தோளையே பாத்துக்கிட்டு நிக்கிறாக. அவரு வெள்ளைத் துண்டை எடுத்து வீசுற வரைக்கும் தண்ணியில ஒருத்தர் கால் படக் கூடாது, அது ஊர்க் கட்டு. சம்பந்தி உடையப்பனும் மொத பஸ்ஸுலயே வந்து எறங்கிட்டாரு. பேச்சுக் கொறைஞ்ச மனுசன். கையில நெசமாவே ஒரு அண்டா. அதைப் பாத்ததும் சேவுகப்பெருமாள் பார்வையக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

"எங்க மருமக ராத்திரியெல்லாம் தூங்கல சம்பந்தி. அயிரை வருதுன்னு அம்மியக் கழுவி வச்சுருக்கு" அப்படின்னாரு உடையப்பன்.

"வரும், வரும். ஆனா இந்தக் கெளுத்தி இருக்கே சம்பந்தி, அதைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்"னு சேவுகப்பெருமாள் மெதுவா அவுத்து விட ஆரம்பிச்சாரு. "மொத வருசம் அது ஒரு தடவை கொட்டாவி விட்டுச்சு. கண்மாய்த் தண்ணி ஒரு சாண் எறங்கிருச்சு. வாய மூடினப்ப அயிரைக் கூட்டம் பூராம் உள்ள!"

"தண்ணிய என்ன பண்ணுச்சு?" பக்கத்துல ஊத்தாவோட நின்ன ராக்கு கேட்டா. சேவுகப்பெருமாளோட அண்ணன் பொண்டாட்டி. அவ வாய்க்கு ஊரே பயப்படும்.

"செவுள் வழியா விட்டுச்சு மதினி. அதுலதான் அந்த வருசம் ரெண்டாம் போகம் வெளைஞ்சுது. நீங்களும்தான நெல்லு அறுத்தீக?"

"அறுத்தேன், அறுத்தேன். மேல சொல்லுங்க."

"அடுத்தாப்புல விரால். விரால் தன் குஞ்சைக் கூடவே வச்சுக் காவல் காக்கும், எவன் கிட்டக்க வந்தாலும் முட்டித் தள்ளும். அதுக்கிட்ட இந்தப் பய என்ன பண்ணுனான் தெரியுமா? மீசைய ஆட்டி, மண்புழுன்னு நெனைக்க வச்சு, தாயை அந்தப் பக்கம் இழுத்துட்டு வாலால குஞ்சை வாரி வாயில போட்டுக்கிட்டான். அந்த விரால் கரையேறி வந்து எங்கிட்ட அழுதுச்சு சம்பந்தி. நான்தான் ஒரு சொம்பு தண்ணி குடுத்து அனுப்பி வச்சேன்."

உடையப்பன் அண்டாவை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டாரு. "அப்ப அயிரை?"

மனுசன் பிடியை விட மாட்டேங்கிறாரேன்னு சேவுகப்பெருமாள் தண்ணிப் பக்கம் கைய நீட்டுனாரு. "அங்க பாருங்க கொக்கை! ஒத்தக் கால்ல நிக்குதா? காலங்காலமா அது தவம், தூக்கம்னு சொல்லி நம்மளை ஏமாத்திட்டாக. இன்னொரு கால் எங்க? யாராவது கேட்டமா? கெளுத்தி கடிச்சுட்டுப் போயிருச்சு!"

அந்த நேரம் பாத்து அந்தக் கொக்கு மடிச்சு வச்ச காலை நீட்டித் தண்ணியில ஊனுச்சு.

"கொழுந்தனாரே, மொளைச்சுருச்சு" அப்படின்னா ராக்கு.

கரையே சிரிச்சுது. சேவுகப்பெருமாள் அசரணுமே! "அது வேற கொக்கு மதினி. வெளியூரு. நம்ம ஊருக் கொக்குக எல்லாம் இப்ப வயக்காட்டோட சரி, தண்ணிப் பக்கமே வர்றதில்ல. பயம்! சரி, தண்ணியில திங்க ஒண்ணும் இல்லன்னு ஆனதும் கெளுத்தி சும்மா இருந்துச்சா? ரெண்டு முள்ளை ஊனிக்கிட்டு நடந்துச்சு. நேரா ரோட்டுக்கு வந்து மினி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திருச்சு. கண்டக்டரு, 'எங்க போகணும்'னு கேட்டுருக்காரு. 'அடுத்த கண்மாய்'னு சொல்லிருக்கு. 'வீச்சம் அடிக்குது, எறங்கு'ன்னு அவரு சொல்ல, இது கோவத்துல மீசைய எடுத்து வீசுச்சு பாருங்க, பஸ்ஸு கண்ணாடி பூராம் நொறுங்கிருச்சு!"

"மீசை அம்புட்டு நீளமா?" எட்ட நின்ன யாரோ கேட்டாக.

"நீளமாவா? இந்தா, இப்பிடி!" தோள்ல கெடந்த துண்டை உருவித் தலைக்கு மேல சொழட்டி ஒரு வீசு வீசுனாரு.

அது வெள்ளைத் துண்டு.

அவ்வளவுதான். கரையில நின்ன ஜனம் ஒரே கூச்சலோட கண்மாய்க்குள்ள பாஞ்சுருச்சு. "டேய், நில்லுங்கடா! நான் இன்னும் வீசலடா!"ன்னு அம்பலகாரர் தொண்டை கிழியக் கத்துறாரு. யாரு காதுல விழும்? ஊத்தா போடுறவுக போடுறாக, வழுக்கி விழுறவுக விழுறாக. கடைசியில அம்பலகாரரும் வேற வழி இல்லாம, எறங்கினவுக முதுகைப் பாத்து முறைப்படி ஒரு தடவை துண்டை வீசிட்டு உக்காந்தாரு.

சேவுகப்பெருமாளும் எறங்குனாரு. எந்த ஊத்தாவுல கைய விட்டாலும் கெளுத்தி. கறுப்பா, வழவழன்னு, மீசையோட. விரால் இல்ல, கெண்டை இல்ல, ஒரு உளுவை கூட இல்ல. ஊர் பூராம் கெளுத்தியத் தூக்கிக்கிட்டு மொனகிக்கிட்டே கரையேறுது. அவருக்கு இப்ப கதையெல்லாம் ஓடல. மக கழுவி வச்ச அம்மிதான் கண்ணு முன்னால நின்னுச்சு. பெத்த பிள்ளைக்கு ஒரு கரண்டிக் குழம்புக்கு வழியில்லாத அப்பனாப் போயிட்டமேன்னு மடைப் பக்கம் நடந்தாரு.

மடைக்கிட்ட ஜேசிபி நுழைய முடியாத ஒரு மூலை. அங்க கொஞ்சூண்டு பழைய மணல். துண்டை விரிச்சு, முட்டி போட்டு, மணலோட அரிச்சு அரிச்சுத் தூக்குனாரு. தூக்க, தூக்க, சேறுதான் வந்துச்சு. கடைசியாத் தூக்குனப்ப துண்டுல ஏதோ துடிச்சுது. அயிரை! விரல் நீளம், புள்ளி புள்ளியா, ஏழெட்டு அயிரை!

மனுசனுக்குத் தலைகால் புரியல. துண்டை அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கரைக்கு ஓடுனாரு. "சம்பந்தி! சம்பந்தி!" சம்பந்தி அந்தப் பக்கம் கால் கழுவப் போயிருந்தாரு. அண்டா தண்ணியோட இருந்துச்சு. தண்ணியில்லாமச் செத்துறக் கூடாதேன்னு துண்டை அதுல உதறுனாரு.

விருந்தாளி வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ராக்கு அந்த அண்டாவுல பெரிய கெளுத்தி ஒண்ணைப் போட்டுட்டுப் போனது அவருக்குத் தெரியாது. சேறு கலங்குன தண்ணிக்குள்ளேருந்து ஒரு வாய் மேல வந்துச்சு. மளக். மீசை ரெண்டு ஆட்டு ஆடுச்சு. அவ்வளவுதான், தண்ணி அமந்துருச்சு.

உடையப்பன் வந்தப்ப சேவுகப்பெருமாள் அண்டாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ராக்கும் வந்துட்டா.

"அயிரை புடிச்சேன் சம்பந்தி. ஏழெட்டு. இந்தக் கையால. இதுல போட்டேன், இது தின்னுருச்சு."

ராக்கு மோவாயில கைய வச்சா. "இந்நேரம் வரைக்கும் நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன் கொழுந்தனாரே. அதுக்காக நம்ம கண்மாயில அயிரைன்னு சொன்னா எப்பிடி? ஒரு அளவு வேணாமா?"

"எம்மக மேல சத்தியம் மதினி!" அவரு சம்பந்தி கையப் பிடிச்சாரு. "நீங்களாவது எம்மககிட்டச் சொல்லுங்க. அப்பன் அவளுக்காக மணலை அரிச்சு அயிரை புடிச்சான்னு மட்டும் சொல்லுங்க."

உடையப்பன் அண்டாவுக்குள்ள எட்டிப் பாத்தாரு. கெளுத்தியும் அவரைப் பாத்துச்சு. அவரு அண்டாவைத் தூக்கித் தோள்ல வச்சாரு.

"சொல்றதுக்கு என்ன சம்பந்தி, சொல்லிறலாம். ஆனா அந்தப் பிள்ளை நம்பணுமே. நம்புற மாதிரி ஒரு புளுகு சொல்லுங்க, அதைப் போயிச் சொல்றேன்."