ஆள்காட்டி வாய் மூடிய மூன்று நாள்

பச்சைமலை அடிவாரத்துக் காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. சிறுத்தை வந்தாலும் வேடன் வந்தாலும் முதலில் பார்ப்பது அதுதான். பார்த்ததும் காடு அதிரக் கத்துவதும் அதுதான். அந்தக் குருவிக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன், கேளுங்கள் குழந்தைகளே. அது தினமும் விடிந்ததும் இந்த வரிசையில்தான் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்.

முதல் அநியாயம். சிறுத்தை பதுங்கி வந்தது. ஆள்காட்டி கத்தியது. மான்கள் தப்பின. மறுநாள் அந்த மான்கள் மாலை போட்டது, மரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த மந்திக்கு.

இரண்டாவது. கோடையில் காட்டுத் தீ வந்தது. ஆள்காட்டி கத்தியது. எல்லோரும் ஆற்றைத் தாண்டிப் பிழைத்தார்கள். திரும்பி வரும்போது, "நல்ல தூக்கத்தைக் கெடுத்துட்டியே!" என்று நரி சலித்துக்கொண்டது.

மூன்றாவது. வேடர்கள் வலை விரித்தார்கள். ஆள்காட்டி கத்தியது. ஒரே ஒரு முயல் மாட்டிக்கொண்டது. "இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கத்தியிருக்கக் கூடாதா?" என்றார்கள். தப்பிய நாற்பது முயல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான்காவதுதான் பெரியது. புயலில் ஒரு வேங்கை மரம் சாய்ந்து, மலையிலிருந்து குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் குறுக்கே விழுந்தது. மண்ணும் முள்ளும் அடித்து வந்து அதன் அடியில் அடைத்துக்கொண்டன. ஆள்காட்டி தொண்டை கட்டும்வரை கத்தியது. ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் காட்டுக்கு இருந்ததோ ஒரே குளம். அதில் தண்ணீர் முயலின் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. வரப்போகும் மழைநீர் வாய்க்கால் வழியே வந்தால் குளம் நிறையும். வராவிட்டால் எல்லோரும் மலை தாண்டி வேறு காடு தேட வேண்டியதுதான். கால் உள்ளவர்கள் நடப்பார்கள். இறக்கை உள்ளவர்கள் பறப்பார்கள். ஆனால் ஆள்காட்டிக்கு அப்போதுதான் நான்கு குஞ்சுகள் பொரித்திருந்தன. இறக்கை முளைக்காத அந்தப் பஞ்சு உருண்டைகள் எங்கே போகும்?

ஆள்காட்டி யானையிடம் ஓடியது. "அண்ணே, ஒரு முட்டு முட்டுங்க. மரம் நகர்ந்துடும்."

"அது முடியாதும்மா. காட்டுத் தலைவர் சொன்னால்தான் நான் மரத்தைத் தள்ளலாம். போற வர்றவங்க சொன்னதையெல்லாம் கேட்டு எங்க தாத்தா பாதிக் காட்டைச் சாய்ச்சுட்டார். அப்ப போட்ட சட்டம் இது" என்றது யானை.

தலைவராக இருந்த கிழக் காட்டெருமை செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுத் தலைவருக்குத் தேர்தல் வைத்தார்கள். மயில் நின்றது, கரடி நின்றது. தேர்தலை நடத்தும் பொறுப்பு ஆமைக்கு. எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்ததும் ஆமை, முள்ளம்பன்றி முள்ளால் ஓலையில் பெயரை எழுதும். வானத்துக்கு ஒருவர், தரைக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என்று மூன்று சாட்சிகள் முன்னால் அந்தப் பெயரை உரக்க வாசித்துவிட்டால் தலைவர் வந்தாயிற்று. ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை.

ஆனால் நடுவில் மைனா புகுந்தது.

மைனாவுக்கு யார் குரலையும் அப்படியே பேசத் தெரியும். அது ஒரு பாறையைப் பிடித்து, "வாங்க வாங்க! இன்று மாலை மயிலாருக்கும் கரடியாருக்கும் நேருக்கு நேர்! பார்க்காதவர் கண் கண்ணே இல்லை!" என்று காடு முழுக்கக் கூவியது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் அத்திப்பழம் கொண்டுவந்து பாறையில் வைத்தார்கள்.

"மயிலாரே, கரடியாரின் நடையைப் பற்றி என்ன நினைக்கிறீர்?" என்று மைனா கேட்கும். மயில் கரடி மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து காட்டும். கூட்டம் உருண்டு சிரிக்கும்.

"கரடியாரே, சும்மா விடலாமா?"

"தோகையைப் பார்த்தீங்க, காலைப் பார்த்தீங்களா?" என்று கரடி உறுமும். மறுபடியும் சிரிப்பு.

முயல்களில் பாதி காதில் மயிற்பீலி செருகிக்கொண்டன. பாதி முகத்தில் கரி பூசிக்கொண்டன. ஒரே வளையில் இருந்த அண்ணனும் தம்பியும் இரண்டு வாசல் தோண்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மாலையும் முடிவில் ஆமை முள்ளை எடுத்துக்கொண்டு, "ஏம்ப்பா, எழுதலாமா?" என்று கேட்கும்.

"அவசரப்படாதீங்க தாத்தா! இன்றைய நிலவரம் சரிக்குச் சரி! நாளை தெரிந்துவிடும்!" என்று மைனா கூவும்.

மறுநாளும் சரிக்குச் சரி. அதற்கு மறுநாளும் சரிக்குச் சரி. மயில் கொஞ்சம் முந்தினால் மைனா மயிலை மட்டம் தட்டும். கரடி முந்தினால் கரடியைக் கிண்டல் செய்யும்.

ஆள்காட்டி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டது. "அது எப்படிய்யா தினமும் சமமாவே இருக்கு?"

மைனா அத்திப்பழத்தைக் கொத்திக்கொண்டே சொன்னது: "ஒருத்தர் ஜெயிச்சுட்டா நாளைக்கு யாரு அக்கா இங்க வருவா?"

"குளம் வத்துதுடா பாவி!"

"ஆகா! இந்தக் கோபம் நல்லா இருக்கே. இதை மேடையில் வந்து சொல்லுங்களேன்!"

ஆள்காட்டிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அதைப் பேசக் கூப்பிட்டதில்லை. மாலையில் பாறைமேல் ஏறி நின்று கத்தியது: "வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு! மழை வரப்போகுது! கண்ணைத் திறங்க!"

அது வாயை மூடுவதற்குள் மைனா அதே குரலில், அதே மாதிரி ஒற்றைக் காலில் துள்ளி, "வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு!" என்றது. கூட்டத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டது.

"இன்னொரு தடவை! அக்கா, இன்னொரு தடவை!"

மறுநாளும் கூப்பிட்டார்கள். ஆள்காட்டி போயிற்று. இப்படி ஒன்பது மாலை. 'என்றைக்காவது ஒருத்தர் காதில் ஏறாதா' என்றுதான் போனது. ஆனால் ஐந்தாம் மாலைக்குப் பிறகு, அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று அதுவே கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசியது. குழந்தைகளே, அதை அதுவே கவனிக்கவில்லை.

ஒன்பதாம் மாலை கூட்டுக்குத் திரும்பியபோது, குஞ்சுகளைத் தனியாகக் காத்துக்கொண்டிருந்த ஆண் குருவி மெல்லக் கேட்டது: "இன்னைக்கு நல்லாச் சிரிச்சாங்களா?"

வேறொன்றும் கேட்கவில்லை. ஆள்காட்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

"இனி நான் கத்தமாட்டேன். சிறுத்தை நேரில் வந்து நின்றாலொழிய என் வாய் திறக்காது. என் சத்தம் இல்லாம இவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்கலாம்" என்றது. அது வேலைநிறுத்தம்தான், காட்டுக்கு அந்தச் சொல் தெரியாது.

முதல் நாள் மாலை. மைனா கூப்பிட்டது, ஆள்காட்டி போகவில்லை. வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் போய்ச் சும்மா உட்கார்ந்தது. கத்தாமல் இருந்ததால் அதற்கு மற்ற சத்தங்கள் கேட்டன. மரத்துக்கு அடியில் 'சரக்... சரக்...' என்று ஏதோ சுரண்டுவது கேட்டது.

எட்டிப் பார்த்தது. ஒரு சருகுமான். முயலைவிடச் சற்றே பெரியது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. குச்சி போன்ற கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. பின்னால் அது பல்லால் இழுத்துப் போட்ட முள் ஒரு பெரிய குவியலாகக் கிடந்தது. வாயோரம் ரத்தம் கசிந்தது.

"ஏய்! இங்க என்ன பண்றே?"

சருகுமான் நடுங்கிப் போயிற்று. "திட்டாதீங்கக்கா. நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தேன்."

"நான் சொன்னேனா?"

"மேடையில் சொன்னீங்களே. வாய்க்கால் அடைச்சுக் கிடக்குன்னு. முதல் நாளே கேட்டேன். எல்லோரும் ஏன் சிரிச்சாங்கன்னு எனக்குப் புரியலை. நம்மால மரத்தைத் தள்ள முடியாது, முள்ளையாவது எடுப்போம்னு வந்துட்டேன்."

"ஒன்பது நாளாவா?"

"பகலில் வர பயம். எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போற நேரத்தில்தான் வர்றேன்."

ஆள்காட்டி அந்த முள் குவியலைப் பார்த்தது. காட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் பார்க்கும் தன் கண்ணுக்கு, ஒன்பது நாள் இது படவில்லை. தான் எங்கே இருந்தோம்? மேடையில். 'என் பேச்சை யார் கேட்டார்கள், யார் கேட்டார்கள்' என்று இத்தனை வருடம் நெஞ்சில் கல்லைச் சுமந்துகொண்டிருந்தோம். ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்டது மட்டுமல்ல, வாய் கிழிய முள்ளை இழுத்திருக்கிறாள்.

"நன்றிம்மா" என்றது ஆள்காட்டி. அந்தச் சொல்லை அது அதுவரை கேட்கக் காத்திருந்ததுண்டு, சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தபோது, கேட்பதைவிட அது இனிப்பாக இருந்தது.

பிறகு இறங்கி அதுவும் தன் அலகால் முள்ளை இழுத்தது.

இரண்டாம் நாள் மாலை. மேடை முன் உட்கார்ந்திருந்த மான்களுக்கு ஏதோ குறைந்தது. "ஆள்காட்டி சத்தமே இல்லையே?" என்றது ஒன்று. "தூங்கியிருக்கும்" என்றது இன்னொன்று. அப்போது புதரில் இலை அசைந்தது. சிறுத்தையோ என்று மொத்தக் கூட்டமும் விழுந்தடித்து ஓடியது. வந்தது ஒரு பன்றிக்குட்டி.

மூன்றாம் நாள் மாலை மேடைக்கு யாரும் வரவில்லை. காவல் சத்தம் இல்லாமல் எப்படி நிம்மதியாக உட்கார்ந்து சிரிப்பது? மைனா வெறும் பாறைகளைப் பார்த்து, "சரிக்குச் சரி!" என்றது. எதிரொலி மட்டும் ஆமோதித்தது.

விடிந்ததும் எல்லோரும் ஆள்காட்டியைத் தேடி வாய்க்காலுக்கு வந்தார்கள். மலைமுகட்டில் கருமேகம் இறங்கியிருந்தது. தூரத்தில் இடி உருண்டது.

"அக்கா, ஏன் கத்தமாட்டேங்கிறீங்க? மூணு நாளா கண்ணை மூட முடியலை" என்று மான்கள் அழாத குறையாகக் கூறின. "உங்க அருமை இப்பத்தான் தெரியுது. எத்தனை தடவை எங்க உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க! ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லையே நாங்க."

நரி கூடத் தலையைக் குனிந்துகொண்டது. "தீப் பிடிச்சப்ப நான் பேசினது தப்புதான்க்கா."

யானை மரத்தின் அடியைத் தும்பிக்கையால் துழாவியது. "அட! போன மாசம் இந்தப் பக்கம் போனப்ப மண்ணும் முள்ளும் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அப்படியே இருந்திருந்தா நான் நாலு நாள் முட்டினாலும் அசைஞ்சிருக்காது. இப்ப ஒரே தள்ளுதான். ஆனா தலைவர் பெயர் வேணுமே! பெயரை வாசிச்ச உடனே தள்ளிடறேன். மழை வந்துட்டிருக்கு. சீக்கிரம் யாரையாவது சொல்லுங்க!" என்று மத்தகத்தை மரத்தில் வைத்துக்கொண்டு நின்றது.

"ஆள்காட்டிதான் தலைவர்!" என்று ஒரு மான் கத்தியது.

"ஆமாம்! ஆள்காட்டி! ஆள்காட்டி!" என்று கூட்டமே கத்தியது. காதில் பீலி வைத்ததும் முகத்தில் கரி பூசியதும் சேர்ந்தே கத்தின.

மைனா விடுமா? பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. "பரபரப்பான திருப்பம்! களத்தில் மூன்றாவது வேட்பாளர்! மயிலார் என்ன சொல்கிறார்? கரடியார் என்ன சொல்கிறார்? இன்று மாலை மும்முனைப் போட்டி!"

"கொஞ்சம் சும்மா இருடா!" என்றது கரடி. இந்தத் தேர்தலில் அது உருப்படியாகப் பேசியது அதுதான் முதல் முறை.

ஆமை ஓலையை விரித்தது. "ஆள்காட்டின்னு எழுதட்டுமா?"

ஆள்காட்டி எல்லோரையும் பார்த்தது. இந்தக் கூட்டம் ஒரு நாளாவது தன் பெயரைச் சொல்லாதா என்று எத்தனை காலை ஏங்கியிருக்கும்! இப்போது அதை எழுத முள் ஓலைமேல் நிற்கிறது.

"எழுதாதீங்க தாத்தா" என்றது. "நான் கத்தினவள். கத்த வேண்டியதுதான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்த முள்ளையும் மண்ணையும் எடுத்தது நானில்லை. நீங்கள் எல்லாம் சிரிச்சுக்கிட்டிருந்த நேரத்தில், நானும் உங்க முன்னால் துள்ளிக்கிட்டிருந்த நேரத்தில், ஒரு சின்ன ஜீவன் தனியா வந்து எடுத்தது. பாருங்க, மண்ணில் யார் குளம்பு பதிஞ்சிருக்குன்னு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். விரல்நுனி அளவு குளம்படிகள், நூற்றுக்கணக்கில். பக்கத்துப் புதரில் இரண்டு பெரிய கண்கள் மினுங்கின, உடனே மறைந்தன.

"சருகுமானா!" என்றது முயல் ஒன்று. அது காதில் இருந்த பீலியை எடுத்துக் கீழே போட்டது. "சருகுமானே இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றன மான்கள். மயில் தோகையை மடக்கிக்கொண்டு, "இருக்கட்டும்" என்றது. கரடியும் தலையசைத்தது.

"சரி. பெயர் என்ன?" என்று கேட்டது ஆமை.

மயிலின் பெயர் பீலிவண்ணன் என்று குஞ்சு குளுவானுக்கெல்லாம் தெரியும். கரடியின் பெயர் கருந்தாடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சருகுமானின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் கூடவே முள் இழுத்த ஆள்காட்டிகூட அதைக் கேட்டிருக்கவில்லை.

வெட்கத்தோடு அது புதருக்குள் போனது. "மன்னிச்சுக்கோம்மா. உன் பெயர் என்ன?"

சருகுமான் சொன்னது. அவ்வளவு மெல்லிய குரல், அருகில் இருந்த ஆள்காட்டிக்கு மட்டும்தான் கேட்டது. ஆமையின் காதில் ஆள்காட்டி சொல்ல, ஆமை எழுதி ஓலையை நீட்டியது. "உன் குரலுக்கு மேல் இந்தக் காட்டில் குரல் இல்லை. நீயே வாசி."

வானத்துக்கு மரங்கொத்தி, தரைக்கு முயல், தண்ணீருக்குத் தவளை என்று மூன்று சாட்சிகளும் முன்னால் வந்து நின்றார்கள். யானை மத்தகத்தை அழுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் மழைத்துளி ஓலையில் விழுந்தது.

ஆள்காட்டி நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, மலைமுகடு வரை கேட்கும்படி வாசித்தது:

"குன்றி!"

நீதி: கைதட்டலை வேடிக்கை காட்டுபவருக்குக் கொடு, வாக்கை வேலை செய்பவருக்குக் கொடு.