ஆவுடையம்மாள் லைக்கன்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு.

இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் தாவரவியல் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு உலகநாதனின் உயிரை வாங்கிய மாணவிதான் ரபீக்கா. அவள் மேலே மேலே படித்து, முனைவர் பட்டம் வாங்கி, மலையில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவியாகிவிட்டாள். உலகநாதனோ அதே கல்லூரியில், அதே கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே நரைத்துப்போனார். ஓய்வு பெறுவதற்குள் எப்படியாவது ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று அவர் கிளம்பியபோது, வழிகாட்டியாக வாய்த்தது அவளேதான்.

அவர் அவளை ‘மேடம்’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள். நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குக் கீழே என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள்.

ஆராய்ச்சி, லைக்கன்களைப் பற்றி. பெயர்தான் புதிது, ஆள் நமக்குப் பழக்கமானவர். குருமாவில் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம் அது. பூஞ்சை வீடு கட்டும், பாசி வெயிலைப் பிடித்துச் சமைத்துப் போடும். சில வீடுகளில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட்டும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும், விஞ்ஞானம் வைக்கிற பெயர் வீடு கட்டிய பூஞ்சைக்குத்தான். சமைத்துப் போடுகிறவருக்கு அந்தப் பெயரில் பங்கு கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் நெட்டேரிச் சோலையில், ஒரு காட்டு நாவல் மரத்தின் அடியில் உலகநாதன் ஒரு லைக்கனைக் கண்டெடுத்தார். கறுப்பாக, குட்டையாக, விரல்நகத்தளவு புதர்போல் இருந்தது. அதைப் பற்றி உலகத்தில் அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை.

அந்த வருஷம்தான் அவர் மனைவி இறந்துபோயிருந்தாள். பிள்ளைகள் இல்லை. ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்தாயிற்று, வங்கியிலிருந்தும் எடுத்தாயிற்று. வீட்டு வாசலில் எப்போதும் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. புது லைக்கனுக்கு அவர் அவள் பெயரை வைத்தார். ஆவுடையம்மாள். லத்தீன் வால் ஒட்டிய அந்தப் பெயரை ஒரு மாநாட்டில் சொல்ல முயன்ற ஜெர்மன்காரர் ஒருவர் பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டாராம். நிலையத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உலகநாதனும் சிரிப்பார், உள்ளுக்குள் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘வீட்ல சொல்லுவாங்க’, ‘வீட்ல வைக்கிற குழம்பு’ என்றுதான் பேசுவார். அவள் பெயர் இன்னது என்று ரபீக்காவுக்கே அந்தக் கட்டுரை அச்சில் வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் வந்தது வினை. ஆய்வேட்டுக்காகத் தான் சேகரித்த எல்லா லைக்கன்களின் மரபணுவையும் பார்க்க, உலகநாதன் அவற்றைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். கறுப்புப் புதரின் பூஞ்சையும் இன்னொரு லைக்கனின் பூஞ்சையும் ஒன்றே என்று முடிவு வந்தது. அந்த இன்னொன்று, சோலையில் மரத்துக்கு மரம் அகல அகலமாகப் படர்ந்து கிடக்கிற பச்சை இலை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு வெள்ளைக்காரர் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

கலப்படம் ஆகியிருக்கும் என்று உலகநாதன் மறுபடி அனுப்பினார். மறுபடியும் அதே முடிவு வந்தது.

ஒரே பூஞ்சை என்றால் ஒரே பெயர். முந்தி வைத்த பெயர் நிற்கும், பிந்தி வைத்தது விழும். இந்த விதியை உலகநாதனே வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்து வந்தவர்.

ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் ரபீக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அவள் நுண்நோக்கியில் கண்ணை வைத்திருந்தாள்.

“மேடம், ஒரு கேள்வி.”

“கேளுங்க சார்.”

“தீசிஸ்ல அத்தன இனம் இருக்கு. அதுல ரெண்ட மட்டும் விட்டுட்டா என்ன? யாரும் கேக்கப் போறதில்ல.”

“எந்த ரெண்டு?”

“அந்தக் கறுப்பு. அப்புறம் பச்ச எல.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டும் ஒண்ணுன்னு வந்திருக்கு” என்றார்.

ரபீக்கா கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். ரெக்கார்டு நோட்டு முடிக்காத பையன்கள் வந்து நிற்பதைப்போல் அவர் நின்றுகொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தக் கறுப்ப எந்த மரத்துல எடுத்தீங்களோ, அங்க என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“எதுக்கு மேடம்?”

“நான் அந்த மரத்தப் பாத்ததில்ல. காலைல போவோம். சாக்ஸுக்குள்ள புகையிலத் தூள் போட்டுக்கோங்க, அட்டை ஜாஸ்தி.”

மறுநாள் சோலைக்குள் பனி விலகியிருக்கவில்லை. உலகநாதன் முன்னால் நடந்தார். கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த மரத்துக்கு அவர் போய்விடுவார். மனைவியின் திதி வந்தால் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு, அடுத்த நாள் இங்கேயும் ஒருதரம் வந்து போகிறவர்.

நாவல் மரத்தின் அடியில், வேர் மடிப்பின் ஈர நிழலில், கறுப்புப் புதர்கள் கொத்துக்கொத்தாக இருந்தன.

“இதுதான்” என்றார்.

ரபீக்கா குனிந்து பார்த்தாள். “அழகா இருக்காங்க” என்றாள். பிறகு, “மரத்தச் சுத்தி வந்து பாத்தீங்களா சார், அன்னைக்கு?” என்று கேட்டாள்.

“இல்ல. மழ வந்துட்டு. கெடச்சதே பெருசுன்னு எடுத்துட்டு எறங்கிட்டேன்.”

“அப்புறம் வந்தப்பல்லாம்?”

“இங்கதான் நிப்பேன். இத மட்டும் பாத்துட்டுப் போயிருவேன்.”

அவள் மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அவரும் வேரில் கால் வைத்துத் தடுமாறிப் பின்னாலேயே போனார். அந்தப் பக்கம் மரங்கள் இல்லாத சின்ன வெளி, வெயில் நேராக அடிமரத்தில் விழுந்தது. அங்கே பச்சை இலை உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அது மரத்தை வளைத்துக்கொண்டு நிழலை நோக்கி வந்தது. வெயில் முடிகிற இடத்தில், பச்சை இலையின் விளிம்பிலேயே, கறுப்புப் புதர்கள் முளைத்திருந்தன.

உலகநாதன் கைலென்ஸை எடுத்தார். விளிம்பில் வைத்துப் பார்த்தார்.

ரபீக்கா பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து நீட்டினாள்.

“அவங்கள மட்டும் தனியா எடுங்க சார். பச்சைல ஒரு துணுக்குக்கூடக் கூட வரக் கூடாது. எடுத்துட்டீங்கன்னா, தீசிஸ்ல எத விட்டாலும் நான் கேக்க மாட்டேன்.”

அவர் வாங்கிக்கொண்டார். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கறுப்பின் அடியைத் தேடினார். கத்தி முனை எங்கே வைத்தாலும் பச்சையில் பட்டது. ஒரு கொத்தை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை நூல்கள், பூஞ்சையின் நூல்கள். பச்சைக்குள் ஓடியதே கறுப்புக்குள்ளும் ஓடியது. நடுவில் அது எங்கும் அறவில்லை.

ஓர் அட்டை அவர் மணிக்கட்டில் ஏறி இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“வெயில்ல பச்சப் பாசியோட சேந்து எலையா நிக்குது” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. “ஈரத்துல நீலப்பச்சப் பாசி கெடச்சா, அதோட சேந்து பொதராயிருது. கூட இருக்கது மாறுனா உருவமே மாறிரும். இது நடக்கும்னு எனக்குத் தெரியும் மேடம்.”

“எனக்கும் தெரியும் சார். நீங்கதான் போர்டுல படம் போட்டு நடத்துனீங்க.”

அவர் கத்தியை மடக்கினார். எழுந்திருக்க முடியாமல் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரபீக்கா அவர் கையைப் பிடித்து, அட்டையை நகத்தால் தட்டிவிட்டாள்.

“எழுதிருதேன்” என்றார் உலகநாதன். “ரெண்டும் ஒண்ணுன்னு நானே எழுதிருதேன். பொய் எழுதி அது மேல அவ பேர நிறுத்தி வைக்க வேண்டாம்.”

“சரி சார்.”

எங்கோ ஒரு குருவி விட்டு விட்டுக் கத்தியது. உலகநாதனின் கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“எல்லா எடத்துலயும் எடுத்தாச்சு மேடம். இந்த ஒரு எடத்துலதான் அவ பேரு இருந்துச்சு. இனி இதுலயும் இல்லன்னா, அவள எதவச்சு யாரு கூப்பிடுவா?”

அவர் மண்ணில் வைத்திருந்த லென்ஸை ரபீக்கா எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து, அதை அவர் கையில் கொடுத்தாள்.

“வீட்ல நீங்க அவங்கள எப்படி சார் கூப்பிடுவீங்க?”

அவர் திகைத்துப்போனார். “எப்படின்னா... எல்லாரையும் போலத்தான். ‘இந்தா’ம்பேன்.”

“பேரச் சொல்லி?”

“பேரச் சொல்லியா?” அவர் யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாள்வரை யோசித்தார். “ஒரு நாளும் இல்ல மேடம்.”

“நீங்க ‘இந்தா’ன்னப்ப, அவங்களத் தவிர வேற யாராவது திரும்பிப் பாத்தாங்களா சார்?”