இறங்கிப் பார்ப்பவர்

“எதில் ஏற்றி அனுப்பினால் என் மகள் பத்திரமாகப் போய்ச் சேருவாள், அம்மா?”

கேட்டவர் அறவாழி. கேட்டுவிட்டு, நீளமான தாள் ஒன்றை விரித்து மெய்யம்மையின் முன் வைத்தார்.

மெய்யம்மை ஆற்றங்கரையில் உள்ள சிறு மடத்தின் தலைவி. அறவாழியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆறு ஆண்டுகளாக அறவாழி செவ்வாய்தோறும் வந்து அவரிடம் பாடம் கேட்கிறார். ஆசிரியை என்பதால் அறவாழி மெய்யம்மையை அம்மா என்பார். வயதில் மூத்தவர் என்பதால் மெய்யம்மை அறவாழியை ஐயா என்பார்.

தாளில் விபத்துக் கணக்குகள் நான்கு கட்டங்களாக இருந்தன: பேருந்து, இரயில், விமானம், வாடகைக் கார்.

“எது நல்லது என்று தாள் சொல்லவில்லையா, ஐயா?”

“சொல்கிறது. நாளுக்கு ஒன்றாகச் சொல்கிறது.”

கிலோமீட்டரைக் கொண்டு கணக்கிட்டால் விமானம் முந்துகிறது என்றார். பயணங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டால் அதுவே பின்தங்குகிறது. அதில் ஏறுவதற்கும் திருச்சி வரை காரில் போக வேண்டும். கட்டங்கள் நான்கினுள் மிக மோசமானது காரின் கட்டம். இரயில் நல்லதுதான். ஆனால், ஓடுகிற இரயிலில் ஏறப்போய் விழுந்தவர்களை இரயிலின் கணக்கில் எழுதுவதா, அவர்களுடைய அவசரத்தின் கணக்கில் எழுதுவதா என்பது அவருக்கு விளங்கவில்லை.

பேருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தின்மேல் அவருடைய உள்ளங்கை இருந்தது.

மெய்யம்மையும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து கவிழ்ந்ததில் அறவாழியின் மனைவி இறந்தார். இரயிலில் போகிறேன் என்றவரை, பேருந்தில் போனால் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடலாம் என்று சொல்லி ஏற்றிவிட்டவர் அறவாழி.

மகள் நிறைமதிக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை சேராவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அன்று செவ்வாய். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் அப்பா என்று மூன்று நாள் கேட்டவள், முந்தைய நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள்.

“நீங்கள் சொல்லுங்கள், அம்மா. அதிலேயே அனுப்புகிறேன்.”

“நான் சொன்னதில் ஏதேனும் நேர்ந்தால்?”

அறவாழி தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மெய்யம்மை எழுந்து, மூலையில் இருந்த எண்ணெய்த் தூக்கை எடுத்தார்.

“விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. டவுனுக்குப் போக வேண்டும். வாருங்கள்.”

“எதில்?”

“பத்தரை மணிப் பேருந்தில்.”

நான்கு ஆண்டுகளாக அறவாழி பேருந்தில் ஏறியதில்லை. மடத்துக்கும் ஒன்பது கிலோமீட்டர் மிதிவண்டியில்தான் வருவார். மிதிவண்டிக்குத் தாளில் கட்டம் இல்லை.

பேருந்து வந்து நின்றது. மெய்யம்மை ஏறிவிட்டார். அறவாழி படிக்கட்டின் எதிரில் நின்றார்.

“ஏறுங்க சார், பஸ்ஸு கடிக்காது” என்றார் நடத்துநர் பக்கிரிசாமி.

ஓட்டுநருக்கு என்ன வயது, எத்தனை ஆண்டு ஓட்டுகிறார், சக்கரங்களை எப்போது மாற்றினார்கள் என்று அறவாழி வரிசையாகக் கேட்டார். பக்கிரிசாமியும் பொறுமையாகச் சொன்னார். கண் பரிசோதனை வரை வந்ததும் அவரால் முடியவில்லை.

“சார், எங்க டிரைவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை பாக்குறதுன்னா வேற வண்டியப் பாருங்க.”

பேருந்து முழுவதும் சிரித்தது. அறவாழி ஏறி, நடு வரிசையில் அமர்ந்து, முன்னிருக்கைக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

நான்கு கிலோமீட்டர் கடந்ததும், வயல்வெளியின் நடுவே பேருந்து நின்றது. அங்கே நிறுத்தம் இல்லை. சாலைக்குக் குறுக்கே ஓர் இருப்புப்பாதை கிடந்தது. கேட் இல்லை, காவலரும் இல்லை.

பக்கிரிசாமி இறங்கினார். தண்டவாளங்களுக்கு நடுவே நின்று இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கத்து வளைவைக் கருவேல மரங்கள் மறைத்திருந்தன. அந்தப் பக்கம் நாற்பது அடி நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டு விசில் கொடுத்தார். பேருந்து ஊர்ந்து கடந்தது. மறுபக்கத்தில் அவர் ஏறிக்கொண்டார்.

“என்ன பக்கிரி, எட்டி எட்டிப் பாக்குறியே, மாமனாரு வந்துட்டாரா?” என்றாள் மீன்கூடைக்காரி ஒருத்தி.

“அடுத்த வாரந்தான் வராராம்.”

யாரும் சிரிக்கவில்லை. நாள்தோறும் கேட்கும் கேள்வி. நாள்தோறும் சொல்லும் பதில்.

இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை இரயில் என்று அறவாழி கேட்டார். இரண்டு என்றார் பக்கிரிசாமி. காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று.

அறவாழி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்போது பத்தே முக்கால். பிறகு ஏன் இறங்கினீர்கள்?”

“பத்தே முக்காலுக்கு வரமாட்டேன்னு அது எங்கிட்ட சொல்லலையே சார்.”

ஒரு நாளைக்கு எட்டு முறை இந்த இடத்தைக் கடப்பதாகவும், பதினெட்டு ஆண்டுகளாக இதே வழித்தடம் என்றும் அவர் சொன்னார். ஒரே ஒருமுறை நேரங்கெட்ட நேரத்தில் வந்தது. பெட்டிகள் இல்லாமல், என்ஜின் மட்டும் தனியாக.

“ஒரு நாளும் இறங்காமல் இருந்ததில்லையா?”

பக்கிரிசாமி சற்று யோசித்தார்.

“ஒரு நாள் காய்ச்சல். நீயே பாத்துப் போயிடுய்யான்னு டிரைவர்கிட்ட சொன்னேன். வண்டிய நிறுத்திட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டார். நீ எறங்காம நகராதுன்னார். போர்வையப் போத்திக்கிட்டே எறங்கினேன்.”

அறவாழி மடியில் இருந்த தாளை விரித்தார். பேனாவின் முனை நான்கு கட்டங்களின்மேலும் மெல்ல நகர்ந்தது. எதிலும் ஊன்றவில்லை.

மெய்யம்மை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?” என்று அறவாழி கேட்டார்.

“ஒரே பொண்ணு சார். தஞ்சாவூர் காலேஜுல படிக்குது. தினம் போய் வருது.”

“இந்தப் பேருந்திலா?”

“இது அங்க போவாது. அதுக்கு வேற வண்டி. அந்த ரோட்டுலயும் இதே மாதிரி ஒரு லைன் குறுக்க போவுது.”

“அங்கே யார் இறங்கிப் பார்க்கிறார்?”

“தெரியாது சார்.”

“விசாரித்ததில்லையா?”

“பேரு தெரியாது, மொகம் தெரியாது. எறங்குவார்.”

சொல்லிவிட்டு, மீன்கூடைக்குச் சீட்டு வாங்காததைப் பற்றிச் சண்டை போடப் பின்பக்கம் போய்விட்டார்.

அறவாழி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கம்பியை விட்டுவிட்ட கைகள் மடியில் கிடந்தன.

“அன்றைக்கு அவள் போன பேருந்திலும் ஒருவர் இறங்கிப் பார்த்திருப்பார், அம்மா.”

“பார்த்திருப்பார்.”

“இருந்தும்…”

“ஆம், ஐயா. இருந்தும்.”

டவுனில் இறங்கியதும் மெய்யம்மை தூக்கோடு எண்ணெய்க் கடையை நோக்கி நடந்தார். அறவாழி பேருந்து நிலையத்தின் நிழலில் நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். பெட்டியைக் கட்டு என்று மகளிடம் சொன்னார்.



“எதில் போகட்டும், அப்பா?”

“காலையில் முதலில் எது வருகிறதோ, அதில்.”