வாசலில் நாலு ஈட்டிகள்

எயினன் முப்பது வருடம் வாள் பிடித்தவன். கடற்கரையை ஆண்ட பழைய பேரரசு ஒன்றின் தளபதி. மனசு சரியில்லாதபோதெல்லாம் ஆற்றங்கரையில் பாடம் சொல்லும் ஆதனடிகளிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். அடிகளுக்கு அவனைவிட இரண்டு மூன்று வயது குறைவுதான். ஆனாலும் அவரைத்தான் குரு என்று சொல்லிக்கொள்வான்.

அன்று வந்தவன் உட்காரவில்லை.

"அரசர் படையெடுக்கச் சொல்லிவிட்டார், அடிகளே. பௌர்ணமிக்குள் கிளம்ப வேண்டும்."

"யார் மேல்?"

"வணிகர்கள் மேல். நம் துறைமுகம் மண்மூடிக் கிடக்கிறது. நம் தராசில் கள்ளம் என்று வேறு பேச்சு. கப்பல்கள் எல்லாம் பக்கத்து நாட்டுத் துறைக்குப் போகின்றன. அந்தத் துறையைக் கொளுத்திவிட்டுக் கப்பல்களை இங்கே ஓட்டிவரச் சொல்கிறார்."

"மண்ணை வாரச் சொல்லவில்லையா?"

"இல்லை."

எயினன் இடுப்பு வாளைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"என் தாத்தா காலத்தில் படை கோட்டையைத் தாண்டியதே அபூர்வம் என்பார்கள். இப்போது வருடத்துக்கு இரண்டு போர். இறங்குமுகத்தில் இருக்கும் அரசு ஏன் வாளை எடுக்கிறது?"

அடிகள் காலியாகக் கிடந்த பாடக்கூடத்தைக் கை காட்டினார்.

"இங்கே ஒரு காலத்தில் அறுபது பேர் படித்தார்கள். இப்போது ஆறு பேர். போன மாதம் சேந்தனும் அக்கரை ஆசிரியரிடம் போய்விட்டான். அவனைப்போல என்னைக் கேள்வி கேட்டவன் கிடையாது. அவனைக் கொண்டுவந்து விடு. திரும்பப் போகாதபடி வாசலில் நாலு பேரை நிறுத்து."

எயினன் விளையாட்டு என்று நினைத்தான். அடிகள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை சேந்தனைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவன் அடிகளை வணங்கினான். காட்டிய இடத்தில் உட்கார்ந்தான்.

பாடம் நடந்தது. எயினன் தினமும் வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாம் நாள் அடிகள் ஒரு செய்யுளுக்குத் தப்பாகப் பொருள் சொன்னார். தப்பு என்று எயினனுக்கே தெரிந்தது. சேந்தன் தலையாட்டினான்.

"சரிதானா, சேந்தா?"

"சரிதான், அடிகளே."

ஐந்தாம் நாள் மற்ற ஆறு பேரில் இருவர் சுவரேறிக் குதித்தார்கள். காவலர்கள் பிடித்துவந்தார்கள். எயினனுக்கு ஆச்சரியம்.

"நீங்கள் விரும்பி இருந்தவர்கள் ஆயிற்றே. ஏன் ஓடினீர்கள்?"

"போக வேண்டும் என்று நினைத்ததே இல்லை, ஐயா," என்றான் ஒருவன். "காவல் போட்ட பிறகு இருக்க முடியவில்லை."

ஏழாம் நாள் பாடம் முடிந்ததும் எயினன் அடிகளிடம் போனான்.

"காவலை எடுத்துவிடட்டுமா?"

"எடுத்தால்?"

"எல்லாரும் போய்விடுவார்கள்."

"அப்படியானால் எடுக்காதே. இன்னும் நாலு பேரை அனுப்பு. சுவர்ப் பக்கம் காவல் இல்லை."

எயினன் திரும்பி, வாசலில் ஈட்டியோடு நின்ற தன் ஆட்களைப் பார்த்தான்.

"அடிகளே, போன வாரம் உங்களிடம் ஆறு மாணவர்கள் இருந்தார்கள்."

"இப்போது?"

"என் ஆட்கள் நாலு பேர்தான் இருக்கிறார்கள்."

அடிகள் மெல்லத் தலையசைத்தார். "உனக்குக் காட்டத்தான் இதைச் செய்தேன், எயினா. ஆனால் சேந்தன் படகிலிருந்து இறங்கியதைப் பார்த்தபோது என் மனசு குளிர்ந்தது. அது எனக்கே பயமாக இருந்தது."

அவர் எழுந்து போய் சேந்தன் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். சேந்தன் எழுந்தான். காவலர்கள் விலகியதும் படகுத் துறைக்கு நடந்தான். ஆறு பேரில் நாலு பேர் அவன் பின்னாலேயே போனார்கள். இருவர் எழுந்து நின்றார்கள், யோசித்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள்.

எயினன் தன் ஆட்களைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டு அடிகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு அரசரிடம் போய், என்னால் முடியாது என்று சொல்லப்போகிறேன்."

"சொல்."

"என் தலையை எடுத்துவிடுவார்."

"எடுக்கலாம்," என்றார் அடிகள். "அவரால் இன்னும் முடிவது அது ஒன்றுதான்."