பருவக்காற்றுக்கு நடுவே மூன்று வரி

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறை மேசைமேல், ஒன்பதாம் வகுப்பின் நாற்பத்திரண்டு சமூக அறிவியல் நோட்டுகள் அடுக்கிக் கிடந்தன. அடியிலிருந்து ஐந்தாவது, சந்தனமாரியின் நோட்டு. அது மட்டும் அடுக்குக்குள் நெளிந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படி நெளிகிறாய்?" என்று கேட்டது மேலே கிடந்த முத்துச்செல்வனின் நோட்டு.

"என் நடுப்பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. சார் அதைப் படிக்க வேண்டும்."

"படிப்பதா!" மேல் நோட்டு அட்டை அதிரச் சிரித்தது. "எங்கள் ஆள் பருவக்காற்று விடைக்கு நடுவே, பரோட்டாவுக்கு மாவு பிசைவது எப்படி என்று எழுதினான். பந்தயம் கட்டித்தான் எழுதினான். அதற்கும் டிக் விழுந்ததப்பா!"

சந்தனமாரியின் நோட்டு சிரிக்கவில்லை. அதிலும் பருவக்காற்று விடைக்கு நடுவில்தான் அந்த வரிகள் இருந்தன.

'சார், படிப்பை நிறுத்தி என்னை மில் வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். திங்கட்கிழமை வண்டி வருகிறது. நீங்கள் வந்து சொன்னால் அப்பா கேட்பார்.'

நேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான்கு வருடமாகத் தேவசகாயம் சார் அவளை "மூணாவது பெஞ்சு" என்றுதான் கூப்பிடுகிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் மற்ற பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். அதனால் சாருக்கு மட்டும் தெரியும்படி நடுவில் எழுதினாள்.

சார் வந்து உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த சிவப்புப் பேனா ஓட ஆரம்பித்தது. டிக், டிக், கையெழுத்து. டிக், டிக், கையெழுத்து.

"பேனா அண்ணே, என் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்" என்று நோட்டு கெஞ்சியது.

"நிற்கவா? ஒரு பீரியடுக்குள் நாற்பத்திரண்டு பேரை முடிக்க வேண்டும். படிப்பதெல்லாம் என் வேலை இல்லை, தம்பி."

"ஒரே ஒரு தடவை!"

பேனா சலித்துக்கொண்டே குனிந்தது. முதல் வரியைப் படித்தது. மூன்றாவது வரிவரைக்கும் படித்தது. தன் பிறவியிலேயே முதல்முறையாக அது மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"எழுத மாட்டேன். சார் குனிந்து பார்க்கட்டும்."

சார் குனிந்தார். பேனாவை உதறினார். அந்த வரிகளுக்குப் பக்கத்திலேயே, ஓரத்தில், வட்டம் வட்டமாகக் கிறுக்கிப் பார்த்தார். வரிகளுக்கும் அவர் கண்ணுக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அவர் பேனாவின் முனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கே, இங்கே!" என்று துடித்தது பேனா.

"சனியன், இப்பத்தான் வாங்கினேன்" என்று அதைக் குப்பைக்கூடையில் எறிந்தார் சார். பக்கத்து மேசை ஆசிரியையிடம் கை நீட்டினார். "டீச்சர், ஒரு ரெட் பேனா குடுங்க."

புதுப் பேனாவுக்கு எதுவும் தெரியாது. மூன்று வரிகளுக்கும் நேராக நீளமாய் ஒரு டிக் போட்டுவிட்டு ஓடிப்போனது.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டு திரும்பி வந்தது. சந்தனமாரி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். டிக்கைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சனிக்கிழமை முழுவதும் வாசலிலேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மில் வண்டி வந்தது. வழியனுப்ப வந்த தோழி ரெபேக்கா அழுதாள்.

"சார்கிட்ட சொல்லியிருந்தா வந்திருப்பாருடி. ஏன்டி சொல்லல?"

சந்தனமாரி நோட்டைத் திறந்து காட்டினாள்.

"சார் படிக்கல மக்கா. அவர் எதையுமே படிக்க மாட்டார்!" என்று நோட்டு தன் தாள்களெல்லாம் படபடக்கக் கத்தியது. காற்றில் பக்கம் புரளுகிறது என்று நினைத்து, அவள் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன்டி. இங்க பாரு, டிக் போட்டிருக்காரு" என்றாள். "படிச்சிட்டுத்தான் வரல."