தளபதி கேட்ட ஒரு சொல்

எதிரே இருந்த தீவு அடங்கவில்லை. துறைமுகத்தைத் தரமாட்டோம் என்று ஊரோடு கதவைச் சாத்திக்கொண்டது. அடக்கிவிட்டு வா என்று அரசாங்கம் தளபதி மழவராயரை அனுப்பியது. எப்படி என்பதை மட்டும் அவர் தலையிலேயே கட்டிவிட்டது.

விடிந்ததும் விடியாததுமாக அவர் கடல்முனையில் இருந்த தவசியம்மாவின் குடிலுக்கு வந்தார். பின்னாலேயே முதுகில் வயர்லெஸ் பெட்டியோடு இசக்கி. கடல் ஏற்றம் முடிந்தால் படகு போக முடியாது; அதற்குள் உத்தரவு போயாக வேண்டும். வாயால் சொல்லும் உத்தரவு அந்தப் படையில் செல்லாது. எழுதி, எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்ப வேண்டும்.

தவசியம்மா வயதில் அவரைவிட இளையவள். முந்தின போரில் அவர் ஏவிய படகுப்படை அலையிலேயே செத்து மிதந்தபோது, பையன்களின் உடம்பை ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்துப் போட்டவள். அன்றைக்கு அவள் காலில் விழுந்தவருக்கு அதன்பிறகு வேறு குரு இல்லை.

அவள் வாசல் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வழி இருக்கு அம்மா. விமானத்தை அனுப்பினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். என் பக்கம் ஒரு உயிர் போகாது. படகை அனுப்பினா கரை ஏறுறதுக்குள்ள பாதிப் பேர் போயிடுவான். எது நல்ல போர்?"

"போர்ல நல்லதைத் தேடிக்கிட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?" விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "சரி, மேல ஏறுங்க."

முனையில் ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருந்தது. மூட்டு வலிக்க வலிக்க ஏறினார். உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது.

"கீழ என்ன தெரியுது?"

"மணல். தண்ணி ஓரமா கறுப்பா நாலஞ்சு புள்ளி. நண்டா இருக்கும்."

"இங்கேருந்து அடிச்சா படுமா?"

"நண்டை அடிக்க நான் எதுக்கு? இசக்கியே அடிச்சிடுவான்."

இசக்கி சிரித்தான். தவசியம்மா சிரிக்கவில்லை.

"இப்ப கடல் வழியா வாங்க," என்றாள்.

இசக்கியைக் கரையில் நிறுத்திவிட்டு அவரை ஒரு சின்ன வள்ளத்தில் ஏற்றிக்கொண்டாள். அவளே துடுப்பு போட்டாள். அலைக்கு அப்பால் போய்த் திரும்பி, அலை உடைகிற இடம் வந்ததும், "குதிங்க," என்றாள்.

குதித்தார். தண்ணீர் மார்பளவு. நடக்கலாம் என்றால் தரை நழுவுகிறது, நீந்தலாம் என்றால் ஆழம் இல்லை. பின்னால் வந்த அலை பிடரியில் அடித்தது. திரும்பிப் போன அலை காலை வாரியது. ஒருமுறை முங்கி எழுந்தார். மறுமுறை முங்கியவர் எழவில்லை; அலை அவரைக் கரைப்பக்கம் உருட்டிக்கொண்டு போனது.

ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது.

மட்டிச் சிப்பி பொறுக்குகிற பெண் ஒருத்தி. கறுப்புச் சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தாள். இடுப்பில் கூடை.

"இத்தனை பதக்கத்தைக் குத்திக்கிட்டா குளிக்க வருவீரு, பெரியவரே? இரும்புக்கடை முங்குதுன்னுல்லா நினைச்சேன்."

அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஓரமாக இன்னும் மூன்று நான்கு பேர், குனிந்த தலை நிமிராமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

மழவராயர் இருமி முடித்துக் கலங்கரை விளக்கத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்க காலையிலேருந்து இங்கதான் இருக்கீங்களா?"

"பின்ன? மட்டி என்ன வீடு தேடியா வரும்?"

கூடையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் தட்டுத்தடுமாறிக் கரையேறினார். தவசியம்மாவின் வள்ளமும் கரை தட்டியது. இசக்கி ஓடிவந்தான். "ஐயா, கடல் நல்லா ஏறிட்டு. விமானத்துக்காரங்களும் கேக்காங்க, படகுக்காரங்களும் கேக்காங்க."

மழவராயருக்குக் கோபம் வந்தது. நனைந்த தொப்பியைக் கழற்றி மணலில் எறிந்தார்.

"என்னைத் தூக்க ஒரு கை வந்துது அம்மா. அங்க என் பிள்ளைங்களுக்குக் கை வராது. துப்பாக்கிதான் வரும். அவங்க அம்மாமாருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். இந்தத் தடவை ஒரு பிள்ளையையும் தண்ணியில விடமாட்டேன்னு."

"தெரியும். போன தடவை இழுத்துப் போட்டது நான்தானே."

"அப்போ விமானம்தான்னு சொல்லிடுங்க."

"அதுல போற பையன் அந்தத் தீவுல ஒரு முகத்தையாவது பாப்பானா?"

"பாக்கமாட்டான். அதான் அதுல நல்..."

சொல்ல வந்ததை அவர் முடிக்கவில்லை. தூரத்தில் தீவின் கூரைகள் வெயிலில் மின்னின. சமையல் புகை ஒன்று நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

பெட்டி கீச்சிட்டது. "ஐயா," என்றான் இசக்கி.

"நீங்களே சொல்லுங்க அம்மா. நீங்க சொல்றதை அப்படியே அனுப்புறேன். எழுதுடா."

தவசியம்மா தீவைப் பார்த்தபடி இரண்டே வார்த்தை சொன்னாள்.

இசக்கி எழுதினான். 'படை' என்று எழுதினான். அதை அடுத்து 'இ' என்று எழுதினான். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னடா?"

"ஐயா, அம்மா சொன்னது எந்த ர?"

"எந்த ரவா இருந்தா என்ன?"

"பெரிய ற போட்டா, படை அந்தக் கரையில போய் இறங்கணும். சின்ன ர போட்டா..." தயங்கினான். "சின்ன ர போட்டா, மனசு இரங்கணும்னு ஆயிடும் ஐயா. விமானமும் வேண்டாம், படகும் வேண்டாம், திரும்பி வாங்கங்கற மாதிரி."

மழவராயர் மெல்லத் திரும்பினார். ஏறிவந்த அலை மணலில் கிடந்த தொப்பியைத் தொட்டுத் தூக்கியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"எது அம்மா?"

தவசியம்மா இசக்கியிடமிருந்து பென்சிலை வாங்கினாள். அதைத் தளபதியின் ஈரக் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள்.

"என் வாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுதுற கை உங்களுது."